முதல் யுஎஃப்சி: அடிக்கத் தெரிந்தவர்கள் நிறைய, நிறுத்த வேண்டியது யார்?

பல சண்டைக் கலைக்காரர்களை ஒரே கூண்டுக்குள் மோதவிடும் யுஎஃப்சி போட்டியின் முதல் நிகழ்ச்சியைப் பற்றி யார் எழுதினாலும் கதை ஒன்றுதான். வெள்ளை உடுப்பு போட்ட ஒல்லிப் பிரேசில்காரர் ஒருவர் வந்தார், ஒரே ராத்திரியில் மூன்று பேரை மடக்கினார், ஜியு-ஜிட்சு என்று ஒரு பிடிச் சண்டைக் கலை இருப்பது உலகத்துக்குத் தெரிந்தது, சுபம். பொய் இல்லை, அப்படித்தான் நடந்தது. ஆனால் துண்டு துண்டாகப் பார்க்காமல் முழு நிகழ்ச்சியையும் வரிசையாக உட்கார்ந்து பார்த்தீர்கள் என்றால் வேறொன்று உறுத்த ஆரம்பிக்கும். வந்திருந்த எல்லோருக்கும் எதிராளியை அடிக்கவோ மடக்கவோ ஏதோ ஒரு வழி தெரிந்திருக்கிறது. அந்தச் சண்டையை எந்த நொடியில், யார் முடித்து வைப்பது என்பது மட்டும் கடைசிவரை தீர்மானமாகவே இல்லை. நான் இந்தப் பழைய நிகழ்ச்சிக்குத் திரும்பத் திரும்பப் போவது அந்தப் பிரேசில்காரர் ராய்ஸ் கிரேசிக்காக இல்லை, இந்தக் குழப்பத்துக்காகத்தான்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 1993 நவம்பர் 12, அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் டென்வர் நகரம், மெக்நிகோல்ஸ் அரங்கம். விளம்பரத் துறையில் இருந்த ஆர்ட் டேவியும், ஜியு-ஜிட்சுவுக்குப் பெயர்போன பிரேசிலின் கிரேசி குடும்பத்தின் மூத்த மகன் ரோரியன் கிரேசியும் சேர்ந்து போட்ட திட்டம். பணம் கட்டிப் பார்க்கும் தொலைக்காட்சி வழியாக ஒளிபரப்பியது எஸ்இஜி என்ற நிறுவனம். கொலராடோவை ஏன் பிடித்தார்கள் என்றால், குத்துச்சண்டையை மேற்பார்வை பார்க்கும் ஆணையம் அந்த மாநிலத்தில் அப்போது கிடையாது, அதனால் கேள்வி கேட்க ஆள் இல்லை. எட்டுப் பேர், ஒரே இரவில், தோற்றவர் வெளியேறும் நாக்-அவுட் போட்டி, ஜெயிப்பவருக்கு 50,000 டாலர். எடைப் பிரிவு கிடையாது. கையுறை கட்டாயம் கிடையாது. புள்ளி போட நீதிபதிகள் கிடையாது. கடிக்கக் கூடாது, கண்ணை நோண்டக் கூடாது. அதையும் மீறிச் செய்தால் 1,500 டாலர் அபராதம் என்றார்களே தவிர, வெளியேற்றம் என்று சொல்லவில்லை. கையில் காசு இருந்தால் கடித்துக்கொள்ளலாம் என்றுதானே அதற்கு அர்த்தம்?

விளம்பரத்தில் ‘விதிகளே இல்லை’ என்று முழங்கினார்கள். விதி இருந்தது, ஆனால் அது எதைச் செய்யலாம், செய்யக் கூடாது என்பதைப் பற்றியது மட்டும். முடிவைப் பற்றி இருந்த விதி மிக எளிமையானது: தோற்பவர் தரையையோ எதிராளியின் உடம்பையோ தட்டி ‘போதும்’ என்று காட்ட வேண்டும், அல்லது அவருடைய மூலையில் நிற்கும் ஆட்கள் டவலை எறிய வேண்டும், அல்லது அவர் நினைவிழந்து கிடக்க வேண்டும். நடுவருக்குத் தன் கணிப்பில் சண்டையை நிறுத்தும் அதிகாரம் இல்லை. அவர் வேலை, நடப்பதைப் பார்த்து அறிவிப்பது.

இதைக் காட்டுமிராண்டித்தனம் என்று தள்ளிவிட முடியாது, இதற்குப் பின்னால் ஒரு மரபு இருந்தது. நடுவர்களாக வந்த ஜுவாவ் ஆல்பெர்ட்டோ பாரெட்டோ, ஹீலியோ விஜியோ இருவரும் ஏறக்குறைய எல்லாம் செல்லும் பிரேசிலின் ‘வாலே டூடோ’ சண்டை உலகத்திலிருந்து வந்தவர்கள். தன் எல்லை எது என்று சண்டை போடுபவனுக்குத்தான் தெரியும், அவனுக்குத் தெரியாவிட்டால் அவனைப் பழக்கிய ஆசிரியருக்குத் தெரியும், மூன்றாவது மனிதன் நடுவில் புகுந்து ‘நீ தோற்றாய்’ என்று சொல்வது அவமரியாதை. இதுதான் அந்த உலகத்தின் கணக்கு. ஒருவரோடு ஒருவர் பழகிய, தட்டுவது எப்படி என்று தெரிந்த ஆட்களுக்குள் இது ஓரளவுக்கு ஓடும். சுமோக்காரரையும் சவாட் என்ற பிரெஞ்சு உதைச் சண்டைக்காரரையும் குத்துச்சண்டைக்காரரையும் ஒரே கூண்டில் விட்டால் ஓடுமா என்பதைத்தான் டென்வரில் பார்த்தார்கள்.

முதல் சண்டையிலேயே விடை கிடைத்துவிட்டது. டெய்லா டூலி ஹவாயைச் சேர்ந்தவர், ஜப்பானில் தொழில்முறை சுமோ ஆடியவர், எடை ஏறக்குறைய 190 கிலோ. எதிரே நெதர்லாந்தின் ஜெரார்ட் கோர்டோ, நெடுநெடுவென்று ஆறரை அடியை நெருங்கும் உயரம், சவாட்டும் கராத்தேயும் கற்றவர், முகத்தில் ஒரு சலனமும் இல்லாத ஆள். மணி அடித்ததும் டூலி சுமோவில் செய்வதைப் போலவே நேராகப் பாய்கிறார். கோர்டோ பின்னால் நகர்ந்துகொண்டே போகிறார், வேலி வரைக்கும். பாய்ந்த வேகத்தில் டூலி நிலை தடுமாறிக் கீழே சரிகிறார், எழுந்திருக்கப் பார்க்கும் அந்தக் கணத்தில் கோர்டோவின் வலது கால் முகத்தில் இறங்குகிறது. ஒரு பல் பறந்து வேலியைத் தாண்டிப் போவது கேமராவில் தெரிகிறது. அதோடு விடவில்லை, தொடர்ந்து ஒரு குத்து. பாரெட்டோ குறுக்கே புகுந்துவிட்டார்.

அவருக்கு அந்த அதிகாரமே இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்த இடத்தைத் திரும்பப் பாருங்கள். டூலி தட்டவில்லை. மூலையிலிருந்து டவல் வரவில்லை. டூலிக்கு நினைவும் இருக்கிறது. முகத்தில் ரத்தத்தோடு, ஏன் நிறுத்தினீர்கள் என்கிற மாதிரி எழுந்து நிற்கிறார். சில நிமிடம் யாருக்கும் எதுவும் புரியவில்லை, பிறகுதான் சண்டை முடிந்ததாக அறிவிப்பு. 26 நொடி. யுஎஃப்சி வரலாற்றின் முதல் சண்டை, விதிப்படி செய்யக் கூடாத ஒன்றை நடுவர் செய்ததால் முடிந்தது. சரியான காரியம்தான் செய்தார் என்று நான் சொல்வேன், ஆனால் அந்த அரங்கத்தில் அதைச் சொல்ல ஒரு விதி கிடையாது. இன்றைய விதியில் கீழே கிடப்பவரின் முகத்தில் உதைப்பதே தப்பாட்டம், அது வேறு விஷயம்.

கோர்டோவுக்கும் சும்மா போகவில்லை. அந்தச் சண்டையில் கை உடைந்தது, காலில் டூலியின் பல் துண்டுகள் சிக்கிக்கொண்டன. எடுத்தால் காயம் திறந்துகொள்ளும் என்று உள்ளேயே விட்டு, கட்டுப் போட்டு அடுத்த சண்டைக்கு அனுப்பினார்கள். இன்னொருவரின் பல்லைக் காலில் வைத்துக்கொண்டு அவர் அதே இரவில் இன்னும் இரண்டு சண்டை போட்டார். டூலி பிற்பாடு டெய்லர் வைலி என்ற பெயரில் தொலைக்காட்சி நடிகராகி நன்றாகவே வாழ்ந்தார், 2024-ல் காலமானார். முந்தைய நாள் விதிமுறைக் கூட்டத்தில் கையில் கட்டும் துணியைப் பற்றியெல்லாம் ஆளாளுக்கு வாக்குவாதம் செய்துகொண்டிருந்தபோது, முதலில் எழுந்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு எல்லோர் வாயையும் அடைத்தவர் அவர்தான். அந்த மனிதரின் சண்டையைத்தான் அவரைக் கேட்காமல் நிறுத்தினார்கள்.

இரண்டாவது சண்டை கெவின் ரோசியருக்கும் ஸேன் ஃபிரேசியருக்கும். பார்க்க அழகான சண்டை இல்லை, ஆனால் நேர்மையான சண்டை. ரோசியர் கிக்பாக்ஸர், 120 கிலோ, வயிறு முன்னால் வந்து நிற்கிறது. ஃபிரேசியர் கராத்தேக்காரர், உயரம், பார்ப்பதற்கு அவர்தான் ஜெயிக்கிற ஆள். முதல் நிமிடத்தில் அப்படியேதான் போகிறது, முழங்காலும் குத்துமாக ரோசியரைப் போட்டு வாங்குகிறார். அப்புறம் மூச்சு தீர்ந்துவிடுகிறது. டென்வர் கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர், பழகாத ஆளுக்கு இரண்டு நிமிடம் முழு வேகத்தில் சண்டை போட்டால் நெஞ்சு அடைத்துக்கொள்ளும். இரண்டு பெரிய மனிதர்கள் கையைத் தூக்க முடியாமல் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து நிற்கிற நொடிகள் அதில் இருக்கின்றன; ‘எந்தக் கலை சிறந்தது’ என்ற விளம்பரக் கேள்வி அந்த இடத்தில் அர்த்தமற்றதாகிவிடுகிறது, கலையே இல்லை அங்கே, நுரையீரல் மட்டும்தான். ரோசியருக்குக் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஃபிரேசியரை வேலியோரம் விழவைத்து, தலையில் மிதிக்க ஆரம்பிக்கிறார். டவல் வந்தது. 4 நிமிடம் 20 நொடி, அந்த இரவிலேயே நீளமான சண்டை. எட்டுச் சண்டைகளையும் கூட்டினால் 13 நிமிடம் 25 நொடிதான் வருகிறது, அதில் மூன்றில் ஒரு பங்கு இந்த ஒன்று.

விதி எழுதியவர்கள் நினைத்தபடி கச்சிதமாக முடிந்தது இதுதான் என்று சொல்லலாம். ஆனால் டவல் கையில் இருப்பவர் யார் என்று யோசித்துப் பார்த்தால் அதிலும் சிக்கல். அவர் ஒரு ஆசிரியர், அல்லது நண்பர். தன் மாணவன் ஜெயிப்பான் என்று நம்பி அத்தனை தூரம் வந்தவர். அவர் எறியத் தாமதிக்கும் ஒவ்வொரு நொடிக்கும் கீழே கிடப்பவரின் தலையில் ஒரு மிதி.

மூன்றாவதாக வருவது எல்லோரும் கேலி செய்யும் சண்டை. ஆர்ட் ஜிம்மர்சன் தொழில்முறைக் குத்துச்சண்டை வீரர், இடது கையில் மட்டும் ஒரு சிவப்புக் கையுறை, வலது கை வெறுங்கை. ஒற்றைக் கையுறை ஜிம்மர்சன் என்றே பெயர் நிலைத்துவிட்டது. எதிரே ராய்ஸ் கிரேசி, 26 வயது, எடை 80 கிலோ சொச்சம். கிரேசி குடும்பத்தார் ஒருவர் தோளில் ஒருவர் கையை வைத்து வரிசையாக நடந்து வந்த நுழைவு நன்றாகவே இருக்கிறது, அதை இன்றைக்கும் யாராவது நகல் எடுத்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். குடும்பத்தில் ராய்ஸின் அண்ணன் ரிக்சன்தான் பலசாலி என்று எல்லோரும் சொல்வார்கள். அவரை விட்டு ஒல்லியான ராய்ஸை ரோரியன் தேர்ந்தெடுத்தது கணக்குப் போட்டுத்தான். நிகழ்ச்சியை நடத்துபவரே தன் தம்பியை இறக்குகிறார், நடுவர்களும் தன் வட்டத்து ஆட்கள், இதை இப்போது யாராவது செய்தால் சும்மா விடுவோமா?

சண்டை இப்படி நடந்தது: ராய்ஸ் தூரத்தில் நின்று காலால் ஓரிரு முறை தட்டிப் பார்க்கிறார், திடீரென்று இடுப்புக்குக் கீழே பாய்ந்து ஜிம்மர்சனைச் சாய்க்கிறார், மேலே ஏறி உட்கார்ந்துவிடுகிறார். ஜிம்மர்சன் கீழே கிடந்தபடி அவரைக் கட்டிப் பிடித்துக்கொள்கிறார், வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே. பிறகு தட்டிவிட்டார். கழுத்து நெரிபடவில்லை, கை முறுக்கப்படவில்லை. வர்ணனையாளர்களுக்கு ஏன் முடிந்தது என்றே புரியவில்லை, கூட்டத்துக்கும் புரியவில்லை. 2 நிமிடம் 18 நொடி.

முப்பது வருடமாக இதற்காக அந்த மனிதரைச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு என்னவோ அந்த இரவில் விதியைச் சரியாகப் புரிந்துகொண்ட ஒரே ஆள் ஜிம்மர்சன்தான் என்று தோன்றுகிறது. நடுவர் காப்பாற்ற மாட்டார். மணி அடித்துக் காப்பாற்றும் என்றால் அது எப்போதோ. மேலே உட்கார்ந்திருப்பவர் அடுத்து என்ன செய்யப் போகிறார் என்று தெரியாது, ஆனால் ஏதோ செய்யப் போகிறார் என்று மட்டும் தெரியும். பிழைப்புக்குக் குத்துச்சண்டை போடுபவருக்குக் கை முறிந்தால் சோறு போச்சு. போதும் என்றார். சண்டையை முடிக்கும் அதிகாரம் தன்னிடம் இருக்கிறது என்று விதி சொன்னது, அவர் பயன்படுத்திக்கொண்டார். அவ்வளவுதானே?

நான்காவது, கென் ஷாம்ராக்கும் பாட் ஸ்மித்தும். ஷாம்ராக் நான்கு நாள் முன்புதான் ஜப்பானில் பான்கிரேஸ் அமைப்புக்காக ஒரு சண்டை போட்டுவிட்டு விமானம் ஏறி வந்திருந்தார். ஸ்மித் டென்வர்க்காரர், டேக்வாண்டோ, கூட்டம் முழுக்க அவர் பக்கம். இரண்டு பேரும் தரையில் விழுந்து கொஞ்சம் புரண்டதும், ஷாம்ராக் பின்னால் சாய்ந்து ஸ்மித்தின் பாதத்தைத் தன் கைக்குள் பூட்டி, குதிகாலைத் திருப்புகிறார். ஹீல் ஹூக். இந்தப் பிடியின் விசேஷம் என்னவென்றால், வலி வருவதற்கு முன்பே முழங்காலின் தசைநார் அறுந்துவிட வாய்ப்பு உண்டு, அதனால் தாமதமாகத் தட்டுவது ஆபத்து. ஸ்மித் கத்தித் தட்டினார். 1 நிமிடம் 49 நொடி. கூட்டத்துக்கு ஒன்றும் தெரியவில்லை. இருவரும் கீழே கிடக்கிறார்கள், காலைப் பிடித்திருக்கிறார், திடீரென்று முடிந்துவிட்டது. வர்ணனைக்கு இருந்த பில் வாலஸ் அந்தக் காலத்தின் பெரிய கராத்தே வீரர், ஆனால் தரையில் நடப்பது அவருக்கும் புதிது. (நிகழ்ச்சியின் அறிமுகத்திலேயே அவர் ஒரு ஏப்பம் விடுவார், அதைத் தவறவிடாதீர்கள்.) வர்ணனைக்கு இன்னும் இருவர் உண்டு, கிக்பாக்ஸர் கேத்தி லாங், அமெரிக்கக் கால்பந்தின் ஜிம் பிரவுன்.

அரையிறுதியில் கோர்டோ - ரோசியர் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. உடைந்த கையை வைத்துக்கொண்டு கோர்டோ காலாலும் முழங்கையாலும் ரோசியரை வேலியோரம் ஒடுக்கினார், கீழே விழுந்தவரின் விலாவில் மிதித்தார், டவல் வந்தது, 59 நொடி. தன் முதல் சண்டையில் ஃபிரேசியருக்குச் செய்ததை ரோசியரே வாங்கிக்கொண்டார். அதே இரவில் மாற்று வீரர்களுக்கான சண்டை ஒன்றும் உண்டு, ஜேசன் டிலூசியா 52 நொடியில் டிரெண்ட் ஜென்கின்ஸைப் பின்னாலிருந்து கழுத்தை நெரித்துத் தட்டவைத்தார். இது ஏன் சலனமில்லாமல் முடிந்தது என்று பார்த்தால், டிலூசியா இதற்கு முன்பே கிரேசி பள்ளிக்குப் போய்ச் சவால் விட்டு ராய்ஸிடம் தோற்றவர். எப்படிப் பிடிப்பது, பிடித்தவன் எப்போது விடவேண்டும் என்பதைத் தன் உடம்பில் வாங்கித் தெரிந்துகொண்டவர்.

இனி ராய்ஸ் - ஷாம்ராக். அந்த இரவில் ஒரே ஒரு சண்டையைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் பாருங்கள், 57 நொடிதான். தரைச் சண்டை தெரிந்த இரண்டு பேர் மோதிக்கொண்டது இங்கே மட்டும்தான். ராய்ஸ் காலுக்குப் பாய்கிறார், ஷாம்ராக் உடம்பைப் பின்னால் தள்ளி அதைத் தடுத்து மேலே வந்துவிடுகிறார், இதுவரை ஷாம்ராக்கின் கை ஓங்கியிருக்கிறது. ராய்ஸ் கீழே கிடந்தபடி குதிகாலால் அவர் முதுகில் இடித்துக்கொண்டே இருக்கிறார். ஷாம்ராக்குக்கு அப்போது ஸ்மித்திடம் பலித்த வித்தை நினைவுக்கு வந்திருக்க வேண்டும், காலைப் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்கிறார். சாய்கிற அதே வேகத்தில் ராய்ஸும் கூடவே எழுந்து வந்துவிடுகிறார். வழுக்கும் வெறும் உடம்பாக இருந்தால் அந்த இடத்தில் விலகிப் போயிருக்கும். ராய்ஸ் போட்டிருந்த அந்தத் தடித்த துணி ஷாம்ராக்கின் கையோடு சிக்கி இழுத்துக்கொண்டு வருகிறது. அடுத்த நொடி ராய்ஸ் மேலே, ஷாம்ராக் திரும்புகிறார், துணியோடு சேர்த்து ஒரு கை கழுத்தைச் சுற்றி இறுகுகிறது. உடுப்பு என்று நாம் நினைத்தது உண்மையில் கயிறு என்பதை ஷாம்ராக் அங்கேதான் புரிந்துகொண்டார். அவர் மல்யுத்தக் காலணி போட அனுமதி கேட்டு மறுத்திருந்தார்கள், ராய்ஸுக்கு முழு உடுப்பு அனுமதி. அந்தக் கசப்பு ஷாம்ராக்குக்கு வெகுநாள் இருந்தது, நியாயமான கசப்பு.

ஷாம்ராக் தட்டினார். ராய்ஸ் விட்டார். நடுவர் பார்க்கவில்லை! தொடரச் சொல்லிச் சைகை காட்டுகிறார். ராய்ஸ் ‘அவர் தட்டினார்’ என்கிறார். இப்போது ஷாம்ராக் முன்னால் இருக்கும் வாய்ப்பைக் கவனியுங்கள்: 100 கிலோ எடை, மூச்சு திரும்பி வந்துவிட்டது, பிடி விட்டுப் போய்விட்டது, நடுவரோ சண்டை நடக்கிறது என்கிறார், அரங்கத்தில் பாதிப் பேருக்குத் தட்டியது தெரியவே தெரியாது. சும்மா வாயை மூடிக்கொண்டு எழுந்து ஒரு குத்து விட்டிருந்தால் இந்த விளையாட்டின் வரலாறே வேறு மாதிரி போயிருக்கும். அவர் ஆமாம், தட்டினேன் என்று ஒப்புக்கொண்டார். சண்டை முடிந்தது. கோபமும் முரட்டுத்தனமும்தான் அடையாளம் என்று பிற்காலத்தில் விற்கப்பட்ட ஷாம்ராக்கின் ஆகப் பெரிய கணம் இது என்பது என் கட்சி. முதல் சண்டையைத் தோற்றவர் சம்மதம் இல்லாமல் நடுவர் முடித்தார். இந்தச் சண்டையை நடுவர் சம்மதம் இல்லாமல் தோற்றவர் முடித்தார்.

இருவரும் 1995 ஏப்ரலில் ஐந்தாவது யுஎஃப்சியில் மறுபடி மோதினார்கள். 36 நிமிடம், பெரும்பாலும் தரையில் கட்டிப்பிடித்தபடி, சமன். புள்ளி போட ஆள் இல்லாததால் ஜெயித்தது யார் என்று சொல்லவும் வழியில்லை. அதற்கு முந்தைய நிகழ்ச்சியில், 1994 டிசம்பரில், ராய்ஸும் டான் செவெர்னும் மோதிய இறுதிச் சண்டை முடியாமல் நீண்டுகொண்டே போக, வாங்கியிருந்த ஒளிபரப்பு நேரம் தீர்ந்து, காசு கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் திரை பாதியில் போய்விட்டது. ஐந்தாவது யுஎஃப்சியில் நேர வரம்பு வந்தது அதற்குப் பிறகுதான். மருத்துவரோ நடுவரோ கேட்டு வரவில்லை, ஒளிபரப்புக் கட்டணம் கேட்டு வந்தது.

சரி, இறுதிச் சண்டை. ராய்ஸ் - கோர்டோ. ராய்ஸ் கட்டிப் பிடிக்கிறார், கோர்டோ வேலியைப் பிடித்துக்கொண்டு விழாமல் இருக்கப் பார்க்கிறார், கடைசியில் ராய்ஸ் காலை வாரி விழவைக்கிறார். மேலே ஏறியபோது கோர்டோ ராய்ஸின் காதைக் கடித்தார். சில செயலுக்குத் தடை என்று சொல்லியிருந்தார்கள் அல்லவா, அதில் ஒன்று. நடுவர் ஒன்றும் செய்யவில்லை. ராய்ஸ் தலையால் மோதிப் பதில் சொன்னார், அது விதிப்படி அனுமதி. கோர்டோ திரும்பிக் குப்புறப் படுத்ததும் பின்னாலிருந்து கை கழுத்தில் ஏறியது. கோர்டோ தட்டுகிறார். தட்டுகிறார். திரும்பவும் தட்டுகிறார். ராய்ஸ் விடவில்லை. ஷாம்ராக் ஒரு முறை தட்டியதும் விட்ட அதே கை, இங்கே கடிக்கு வட்டி வசூல் செய்கிறது. 1 நிமிடம் 44 நொடி என்று பதிவாகியிருக்கிறது.

ஆக, தட்டினால் முடியும் என்ற அந்த ஒற்றை விதியும் பிடித்திருப்பவரின் மனசைப் பொறுத்ததுதான் என்று தெரிந்துவிட்டது. பார்க்கிற நமக்குக் கோர்டோ மேல் இரக்கம் வருவதில்லை, எனக்கும் வரவில்லை, கடித்தான், வாங்கிக்கொண்டான். ஆனால் தண்டனை கொடுக்க வேண்டியது சண்டை போடுகிறவர் இல்லையே. அதே கோர்டோ 1995-ல் ஜப்பானில் யூகி நகாய் என்ற சிறிய வீரரின் கண்ணில் விரலை விட்டு நோண்டினார். நகாய் சண்டையில் ஹீல் ஹூக் போட்டு ஜெயித்தார், ஆனால் அந்த வலது கண்ணில் பார்வை நிரந்தரமாகப் போனது. டென்வரில் அந்தக் கடியைப் பார்த்துவிட்டும் யாரும் எதுவும் செய்யாமல் இருந்ததையும், இதையும் சேர்த்து வைத்துப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

அடுத்த நிகழ்ச்சி 1994 மார்ச் 11, அதே டென்வர், இந்த முறை 16 பேர். நடுவராக ஜான் மெக்கார்த்தி புதிதாக வந்தார், லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ்காரர், கிரேசி பள்ளியில் பழகியவர். சண்டையை முடிக்கும் விதி அதேதான். பாட் ஸ்மித் காலை ஆற்றிக்கொண்டு திரும்பி வந்திருந்தார், ஸ்காட் மோரிஸ் என்பவரைக் கீழே போட்டு மேலே உட்கார்ந்து முழங்கையால் இடித்தார், 30 நொடி. வீடியோவில் ஸ்மித்தையும் மோரிஸையும் பார்க்காமல் மெக்கார்த்தியை மட்டும் பாருங்கள். மோரிஸின் மூலையைப் பார்க்கிறார், டவல் வருமா என்று. வரவில்லை. கீழே இருப்பவர் தட்டும் நிலையில் இல்லை. கடைசியில் போதும் என்று எழுந்தது ஸ்மித்தான். எதிராளியைக் காப்பாற்றியது அடித்தவர்.

நிகழ்ச்சி முடிந்ததும் மெக்கார்த்தி நேராக ரோரியனிடம் போய், சண்டையை நிறுத்தும் அதிகாரம் கொடுத்தால் வருகிறேன், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். 1994 செப்டம்பரில் நடந்த மூன்றாவது யுஎஃப்சியிலிருந்து நடுவர் தன் கணிப்பில் நிறுத்தலாம் என்று விதி மாறியது. பாரெட்டோ முதல் சண்டையின் 26-வது நொடியில் விதியை மீறிச் செய்ததைத்தான் பத்து மாதம் கழித்து விதியாக எழுதிக்கொண்டார்கள்.